மலைச் சரிவும் குடிநீர்க் குழாயும்
போனக்காட்டை முன்வைத்து வளப் பேணுகையின் சில அடிப்படைக் கருத்துகள்

திருவனந்தபுரம் நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தை அடையலாம். அகத்தியர் கூடத்தின் அடிவாரத்தில் உள்ள இத்தோட்டம் ஆங்கிலேயர் காலத்தில் காட்டைத் திருத்தி அமைக்கப்பட்டது. கொழுந்து பறிக்கவும் கவாத்துச் செய்யவும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர். பல்லாண்டுகளாகத் தோட்டம் நலிவுற்று, தேயிலைத் தொழிற்சாலையும் இயங்காது நிற்கிறது.

இம்மலைகளில் பிறக்கும் நீரே கரமனை ஆறாகப் பாய்கிறது. அதன் குறுக்கே 1983ஆம் ஆண்டில் பேப்பாறை அணை அமைந்தது. அதே ஆண்டில் சுற்றியுள்ள காடு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பேப்பாறையில் தேங்கும் நீர் அருவிக்கரை வழியாகத் தலைநகரின் குடிநீர்க் குழாய்களை அடைகிறது. ஆகவே மலைச் சரிவில் மண்வெட்டி பிடிப்பவரையும், நகரத்தில் குழாயைத் திறப்பவரையும் ஒரே நீரோட்டம் இணைக்கின்றது. இவ்விணைப்பை விளங்கிக்கொண்டால், நிலைபெறு வேளாண்மை, இயற்கை வளப் பேணுகை என்னும் சொற்களின் பொருள் எளிதில் புலப்படும்.

முதலும் விளைவும்

நிலைபெறு பயன்பாடு என்னும் கருத்து புதியதன்று. சுரங்கங்களுக்கு மரம் போதாமற்போன சாக்சனி நாட்டில், வளரும் அளவிற்கு மிகாமல் வெட்டவேண்டும் என்று கார்லோவிட்சு என்னும் அதிகாரி 1713ஆம் ஆண்டில் எழுதினார். நம் நாட்டில், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிலைத்த பொருளாதாரம் என்னும் கொள்கையை விளக்கினார். வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நிலைபெறு வளர்ச்சி என்று ஐக்கிய நாடுகள் அமைத்த பிரண்ட்லண்ட் குழு 1987இல் வரையறுத்தது. சுருங்கக் கூறின், வட்டியை உண்ணலாம்; முதலை உண்ணலாகாது.

மலைத்தோட்டத்தின் முதல் எது? தேயிலைச் செடி அன்று. அதன் கீழுள்ள மேல்மண்ணே ஆகும். செடி பட்டுப்போனால் மறு செடி நடலாம். ஓர் அங்குல மேல்மண் இயற்கையில் உருவாகவோ பல நூற்றாண்டுகள் வேண்டும். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மண் கழுவப்பட்டால், இழப்பு 10 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 12 டன் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத இவ்விழப்பு ஆண்டுதோறும் நிகழுமாயின், ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள்ளேயே முதல் கணிசமாகக் கரைந்துவிடும்.

மண் எவ்வாறு அரிக்கப்படுகிறது?

மண் அரிப்பின் அளவை ஐந்து காரணிகள் தீர்மானிக்கின்றன: மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தின்மேல் உள்ள கவிப்பு, மனிதர் மேற்கொள்ளும் காப்பு முறை. முதல் மூன்றும் பெரும்பாலும் இயற்கை தந்தவை. பின்னிரண்டும் நம் கையில் உள்ளவை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் போனக்காட்டில், நம் கையில் உள்ளவற்றின் பொறுப்பு மிகுதியாகும்.

பெரிய மழைத்துளி வினாடிக்கு 9 மீட்டர் வரையிலான வேகத்துடன் தரையை வந்தடைகிறது. வெற்று நிலத்தில் விழுந்தால் மண்கட்டியைச் சிதறச் செய்கிறது. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்கின்றன. நீர் உள்ளிறங்க வழியின்றி மேலே ஓடுகிறது. ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால், அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆதலின் நீரை ஓடவிடாமல் நடக்கவிடுவதும், நடக்கும் நீரை நிற்கவைப்பதுமே மண் காப்பின் சாரம்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். உயர்ந்த மரங்கள் இருந்தாலே மண் காக்கப்படும் என்று பலர் கருதுகின்றனர். உயரமான கிளைகளில் திரளும் நீர் பெருந்துளியாக மீண்டும் விழும்போது, வெட்டவெளி மழைக்குச் சற்றும் குறையாத வேகத்தை எய்தக்கூடும். எனவே தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் மட்டும் போதாது. அதன் கீழ் இடையளவில் தேயிலைப் புதரும், தரையில் சருகுப் படுக்கையும் இருத்தல் இன்றியமையாதது. இயற்கைக் காடு இம்மூன்று அடுக்கையும் தானே கொண்டிருக்கிறது. தோட்டமோ அவற்றைப் பேணிப் பெறவேண்டியுள்ளது.

கைவிடுதல் காத்தல் ஆகுமா?

நன்கு பேணப்பட்ட தேயிலைத் தோட்டத்தில், செடிகள் சமவுயரக் கோட்டின் வழியே வரிசையாக நிற்கும். பறிப்பாலும் கவாத்தாலும் மட்டமாக்கப்பட்ட அவற்றின் தலைகள் ஒன்றோடொன்று இணைந்து நிலத்தை மூடும். வரிசைகளுக்கிடையே வெட்டிய குழிகள் வழிந்துவரும் வண்டலைப் பிடித்துவைக்கும். இக்குழிகளை ஆண்டுதோறும் தூர்வாரி, அம்மண்ணைச் செடியின் அடியில் இடுதல் வேண்டும்.

ஆள் நின்றுவிட்டால் நிகழ்வது என்ன? குழிகள் தூர்ந்துவிடும். வடிகால் அடைபட்ட இடத்தில் நீர் கரையை உடைத்து, தனக்கெனப் புதுவழி தேடிப் பள்ளமாக அரிக்கும். கவாத்துக் காணாத தேயிலை மரமாக உயர்ந்து, கீழ்க்கவிப்பு குன்றும். காலப்போக்கில் சில இடங்களைக் காடு மீட்டுக்கொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் வெட்டிய சாலையும் வடிகாலும் உள்ள சரிவு அதுவரை பொறுத்திராது. கைவிடுதல் வேறு, காத்தல் வேறு.

இதிலிருந்து பெறப்படும் உண்மை இதுவே: மலைச் சரிவின் நிலைபேற்றில், அதைப் பேணும் மக்களின் பிழைப்பும் அடங்கும். கூலி கிடைக்காத தொழிலாளி குழியைத் தூர்வாருவார் என்று எதிர்பார்க்க இயலாது. ஊதியமும் உறைவிடமும் உறுதியற்ற இடத்தில் மண் காப்புத் திட்டம் தாளில் மட்டுமே நிற்கும். கீழே நீர் அருந்துவோர், மேலே மண் காப்போரின் நலனையும் தம் கணக்கில் சேர்த்தல் நீதியும் அறிவும் ஆகும்.

இதற்கு இதே மலைத்தொடரில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1987ஆம் ஆண்டில் அகத்திய மலைக்குச் சென்ற அறிவியலாளருக்கு, வழிகாட்டிய காணி மக்கள் ஆரோக்கியப் பச்சை என்னும் மூலிகையின் களைப்பகற்றும் குணத்தை உணர்த்தினர். பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க ஒப்பியது. அதைப் பெற 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. எனினும் தேவை பெருகியபோது செடிகள் காட்டிலிருந்து அளவின்றிப் பறிக்கப்படுமோ என்ற அச்சமும் எழுந்தது. பயனைப் பகிர்தலும் முதலைக் காத்தலும் ஒருங்கே செல்லவேண்டும் என்பதை இது காட்டுகிறது.

களத்திலும் பள்ளியிலும் செய்யத்தக்கவை

கள ஊழியர்கள் சமவுயரக் கோட்டைக் குறிக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள இரு கழிகளின் தலைகளை ஒன்றாகக் கட்டி, இடையில் குறுக்குச் சட்டம் பிணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுக. கால்கள் நின்ற இரு இடங்களையும் தரையில் குறித்து, நூல் படியும் இடத்தைக் குறுக்குச் சட்டத்தில் குறித்துக்கொள்க. பின்னர் கால்களை இடம் மாற்றி வைத்து, மீண்டும் குறித்துக்கொள்க. இரு குறிகளின் நடுவே நூல் நிற்கும்போதெல்லாம், இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன. இவ்வாறு அடி அடியாக நகர்ந்து முளை அடித்துச் சென்றால் கோடு கிடைக்கும். அக்கோட்டில் வெட்டிவேர் நட்டால் அதுவே வேலியாகி மண்ணைத் தடுக்கும்.

ஆசிரியர்கள் மூன்று தட்டுகளில் ஒரே வகை மண்ணை இட்டு, ஒன்றை வெற்றாகவும், ஒன்றைச் சருகிட்டும், ஒன்றைப் புல் வளர்த்தும் ஒரே சாய்வில் வைக்கலாம். ஒவ்வொன்றின் மீதும் பூவாளியால் ஒரு லிட்டர் நீர் ஊற்றி, வழியும் நீரைக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்து, ஓர் இரவு தெளியவிடுக. மறுநாள் குவளையின் அடியில் படிந்த மண்ணின் உயரத்தை மாணவர்களே அளக்கட்டும். அதன்பின், நம் ஊர்க் குழாயில் வரும் நீர் எந்த மலையிலிருந்து வருகிறது, அங்கு யார் வாழ்கின்றனர் என்னும் இரு வினாக்களை அவர்கள் முன் வைத்தால் பாடம் நிறைவெய்தும்.