பூவா? தலையா? – ஆச்சி பெட்டியும் வெள்ளி ரூபாயும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்)

மேட்சுக்கு டாஸ் போடும்போது நம்மில் பாதிப்பேர் "தலை" என்றுதான் கத்துவோம். பழைய வெள்ளி ரூபாயில் தலையையும் பார்க்க வேண்டும், பூவையும் பார்க்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நஷ்டத்தில்.

முதலாம் ஆண்டு ஹாஸ்டல் கட்டணத்துக்குப் பணம் குறைந்தது. ஊரில் ஆச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து ஆறு வெள்ளி ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். "போலே, வித்துக் கட்டு. பெட்டிக்குள்ள கெடந்து என்ன செய்யப் போவுது?" கடைக்கார அண்ணாச்சி காசைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் பாதி வெள்ளி தம்பி" என்று ஒரே விலை போட்டார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்த ஆறில் நான்கு, ஆச்சி 'மொட்டைத்தலை ராஜா' என்று சொல்லும் காசு. அதாவது ஏழாம் எட்வர்டு, 1903 முதல் 1910 வரை அடித்தது. அது பாதி வெள்ளியே இல்லை!

கணக்கு இதுதான். 1835 முதல் 1939 வரை வந்த ரூபாயின் எடை ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் சுமார் 10.69 கிராம். யுத்த காலத்தில் வெள்ளி தட்டுப்பாடானதால் 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. மீதி தாமிரம், நிக்கல், துத்தநாகம். எடை மட்டும் அதே 11.66. அதனால் தராசு காட்டிக் கொடுக்காது. சுத்த வெள்ளி 5.83 கிராம்தான். 1947 ரூபாய் முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

சுலபமான வழி: ரூபாயில் தாடி வைத்த ராஜா என்றாலும் விக்டோரியா ராணி என்றாலும் முழு வெள்ளி. தாடி இல்லாத ஆறாம் ஜார்ஜ் என்றால் வருஷத்தைப் பார்க்கணும். 1940-க்குப் பிறகு வந்த ரூபாயின் விளிம்பில், நடுவே ஒரு பள்ளக்கோடு சுற்றி ஓடும். சந்தேகமிருந்தால் நம்ம பிசிக்ஸ் லேப் போதும். காசை நூலில் கட்டித் தண்ணீரில் முக்கி நிறுத்தால் முழு வெள்ளி சுமார் 1.13 கிராம் குறையும், பாதி வெள்ளி 1.22. வித்தியாசம் கொஞ்சம்தான், தராசு நல்லதாக இருக்கணும்.

இனி பூப்பக்கம். எங்கே அடித்தது என்பதற்கான தங்கசாலைக் குறி அங்கேதான். கல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. பம்பாய் என்றால் எட்வர்டு காசில் கீழே பள்ளமாகச் சின்ன 'பி' எழுத்து. ஐந்தாம் ஜார்ஜ் காசில் கீழ்த் தாமரைக்கு அடியில் ஒரு புள்ளி. 1944, 1945 ரூபாயில் 'எல்' இருந்தால் லாகூர். லென்ஸ் இல்லாமல் தேடினால் கண்தான் வலிக்கும்.

குறி தெரிந்ததும் லட்சாதிபதி ஆகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1918, 1919, 1920 ரூபாய் கோடிக்கணக்கில் வந்தது. முதல் உலக யுத்தத்தில் இந்தியாவுக்கு வெள்ளி வேண்டும் என்று 1918-ல் அமெரிக்கா சட்டமே போட்டு, சுமார் 26 கோடி வெள்ளி டாலரை உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அமெரிக்க டாலர் நம்மூர் ஆச்சி பெட்டிக்குள் கிடக்கிறது என்றால் பாருங்களேன்! ஆகவே அந்த வருஷங்களுக்கு வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான் கிடைக்கும்.

1911 கதை வேறு. ராஜாவின் அங்கியில் இருந்த யானை, பார்ப்பதற்குப் பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. 1912-ல் படத்தைத் திருத்தினார்கள். பழையதில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. தப்பிப் பிழைத்ததற்கு மவுசு. 1939-ம் அபூர்வம், அதனாலேயே போலியும் அதிகம்.

செங்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் வீட்டில் சங்கு போட்ட காசு இருக்கலாம். 1956 வரை அது திருவிதாங்கூர் வழி வந்த சீமையல்லவா! அதில் இருப்பது கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் நம்ம வருஷம் வரும்.

தயவுசெய்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். மாலைக்கு வளையம் பற்றவைத்த காசும் எடைக்குத்தான் போகும். மண்ணைத் தோண்டும்போது காசு கிடைத்தால் அது வேறு விஷயம். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும்.

போன பொங்கல் லீவில் ஆச்சியிடம் பாக்கியிருந்த எட்டுக் காசையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஏழு முழு வெள்ளி, ஒன்று 1944 லாகூர். பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டி, போன தடவை ஏமாந்ததையும் சொன்னேன். "பாத்தாச்சுல்லா, கொண்டா" என்று வாங்கி முடிந்து, பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.