பெல்ட்டை எங்கே மாட்டுவது?

1970 செப்டம்பர் 5. இத்தாலியின் மோன்சா தடத்தில் மறுநாள் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று. பாரபோலிக்கா வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்த நேரத்தில் யோக்கென் ரின்டின் லோட்டஸ் கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பில் மோதியது. தீப்பிடித்தால் சட்டென்று வெளியேற வேண்டும் என்பதற்காக, தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையை ரின்ட் மாட்டிக்கொள்வதில்லை. மோதிய வேகத்தில் உடல் சீட்டில் முன்னோக்கி வழுக்கிக் கீழே போனது. காப்பாற்ற வேண்டிய பெல்ட்டே தொண்டையைப் பதம் பார்த்துவிட்டது. அந்த ஆண்டின் ஃபார்முலா ஒன் சாம்பியன் பட்டம், அவர் இறந்த பிறகே அவருக்குக் கிடைத்தது.

பெல்ட் இருந்தது, அறுந்தும் போகவில்லை. ஆனால் உடலை எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே பிடிக்கவில்லை. ரேஸ் ஹார்னஸ் எனும் பந்தய பெல்ட்டை வாங்குகிறவர்கள் பட்டையின் அகலத்தையும் நிறத்தையும் பிராண்டையும் பார்க்கிறார்கள். பட்டையின் மறுமுனை காரில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்க்கிறவர்கள் குறைவு. விபத்தில் தீர்ப்புச் சொல்வது அந்த முனைதான்.

மனித உடலில் இவ்வளவு பெரிய விசையைத் தாங்கக்கூடிய இடங்கள் சிலவே. இடுப்பெலும்பு, தோள்பட்டை, நெஞ்சுக்கூடு. வயிறு தாங்காது. அதனால்தான் இடுப்புப் பட்டை, இடுப்பெலும்பின் விளிம்புக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள மடிப்பில் இறுக உட்கார வேண்டும் என்கின்றன உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகள். இதைத் தீர்மானிப்பது தரையில் உள்ள இரண்டு போல்ட்டுகள். அவை மிகவும் பின்னால் போய்விட்டால் பட்டை படுத்துக்கொண்டு, மோதலின்போது வயிற்றின் மீது ஏறிவிடும். பக்கவாட்டில் பார்க்கும்போது தரையோடு 45 டிகிரிக்குக் குறையாமலும் 80 டிகிரியைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. தோள்மேல் வரும் பட்டைகள் இழுபடும்போது நடுவிலுள்ள பக்கிளும் மேலே ஏறப் பார்க்கும். அதைக் கீழே பிடித்து வைப்பதற்குத்தான் ரின்ட் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தத் தொடையிடைப் பட்டை.

தோள் பட்டைகள் விஷயத்தில்தான் கோளாறு அதிகம் நடக்கிறது. சீட்டுக்குப் பின்னால் தரையிலேயே போல்ட் போட்டு மாட்டிவிடுவது மெக்கானிக்குக்குச் சுலபம், ஓட்டுநருக்கு ஆபத்து. மோதும்போது உடல் முன்னால் பாய, பட்டை தோளைக் கீழ்நோக்கி அழுத்தும். அந்த அழுத்தம் அப்படியே முதுகெலும்பில் இறங்கும். சீட் முதுகின் மேல்விளிம்பிலிருந்து பட்டை பின்னால் இறங்கும் சாய்வு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்று எஃப்.ஐ.ஏ. சொல்வது இதனால்தான். மேலிருந்து பார்த்தால், சீட்டின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 20 டிகிரிக்கு மேல் விலகவும் கூடாது.

நீளமும் கணக்கில் சேரும். பட்டை எவ்வளவு நீளமோ, விசை வரும்போது அவ்வளவு இழுபடும். தலை ஸ்டீயரிங்கை நோக்கி அவ்வளவு தூரம் போகும். அதனால் சீட்டுக்குச் சற்றுப் பின்னால், காருக்குள் பொருத்தும் இரும்புக் கூண்டான ரோல் கேஜில் குறுக்காக ஒரு குழாய் வைத்து அதில் பட்டையைச் சுற்றிக் கட்டுவதே சிறந்த முறை. அந்தக் குழாய்க்கும் அளவு உண்டு: குறைந்தது 38 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், அல்லது 40-க்கு 2. சுற்றிய பட்டையைப் பூட்டும் கொக்கி குழாயை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளி விட்டால் சுமை ஏறும்போது நழுவ இடம் கிடைக்கும்.

இனி இரும்புக் கணக்கு. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 40 ஜி (புவியீர்ப்பைப் போல் 40 மடங்கு) மோதலில் சிக்கினால், பெல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து மூன்று டன் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாட்டுமிடமும் 1470 டெகாநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் விசையைத் தாங்க வேண்டும் என்கிறது விதி. தொடையிடைப் பட்டைக்கு 720 போதும். சாதாரணக் காரின் தரைத் தகடோ ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதில் துளை போட்டு, வாஷர் வைத்து போல்ட்டை முறுக்கினால், துணியில் குத்திய ஊக்கு இழுபடும்போது கிழித்துக்கொண்டு வருவது போல வந்துவிடும். ஆகவே புது இடத்தில் மாட்டுவதானால் மறுபக்கம் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புத் தகடு வைத்தே ஆக வேண்டும். கம்பெனியே பெல்ட்டுக்காக வலுவூட்டிக் கொடுத்த இடம் காரில் இருந்தால், சாய்வு சரியாக அமையும்வரை அதை விட்டு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

சீட்டிலோ சீட்டின் தாங்கியிலோ பெல்ட்டை மாட்டுவதற்கு எஃப்.ஐ.ஏ. தடை போட்டிருக்கிறது. சீட் பெயர்ந்தால் பெல்ட்டும் ஆளும் சேர்ந்தே போவார்கள்.

பட்டை நேராக இழுபடுவதும் முக்கியம். மாட்டும் பிராக்கெட், இழுக்கும் திசைக்குத் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பட்டை கொக்கிக்குள் ஒரு ஓரமாகக் குவியும், முழுச் சுமையும் அந்த ஓரத்து இழைகளில் விழும். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தபோது, அவருடைய இடப்பக்க இடுப்புப் பட்டை அறுந்திருந்தது. பட்டை இப்படி ஓரமாகக் குவிந்ததே அறுந்ததற்குக் காரணம் என்றது அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை. பெல்ட் தயாரிப்பாளர் தரப்போ, பொருத்திய விதமே தவறு என்று வாதிட்டது. மரணத்துக்கான பல காரணங்களில் ஒன்றாகத்தான் அறிக்கை இதைக் குறிப்பிட்டது. ஆனாலும் அதன்பின் பெல்ட் போகும் பாதையைப் பந்தய உலகம் இன்னும் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது.

இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் பந்தயத்துக்கு வரும் செடான்களில் பல, சாலைக் கார்களாகப் பிறந்தவை. அவற்றில் ரோல் கேஜ் இருக்கும், பந்தயத்துக்கு முன் பரிசோதனையும் நடக்கும். கவலை தருவது வேறு கூட்டம்: ரோல் கேஜே இல்லாத அன்றாடக் காரில் அழகுக்காக நான்குமுனை ஹார்னஸ் மாட்டுகிறவர்கள். கார் உருண்டு கூரை நசுங்கினால், வழக்கமான மும்முனை பெல்ட் போட்டவர் ஒருக்களித்துச் சாய ஓரளவு இடமுண்டு. இரு தோளையும் சீட்டோடு கட்டிக்கொண்டவருக்கு அந்த வழியும் கிடையாது. அப்படிப்பட்ட காருக்கு, கம்பெனி கொடுத்த சாதாரண பெல்ட்டே மேல்.

பெரிய மோதலுக்குப் பிறகு பெல்ட்டை மாற்ற வேண்டும் என்பதும் விதி. புதுப் பட்டையைப் பழைய போல்ட்டிலேயே மாட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. கார்ப்பெட்டை உரித்து, தகட்டைச் சுற்றித் தரை மேலெழும்பியிருக்கிறதா, பெயின்ட் வெடித்திருக்கிறதா, வெல்டிங்கில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா, துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். அதில் ஏதாவது ஒன்று தென்பட்டால் பட்டையோடு தகடும் போல்ட்டும் மாற வேண்டும், தரையையும் அறுத்துப் புதிதாகப் போட வேண்டும்.