மடிக்கணினியா, கைக்கணினியா?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. சொந்தக் காசில் வாங்கப் போனால், "ரெண்டும் ஒண்ணாவே இருக்கு சார்" என்று கடைக்காரர் வேறொன்றை நீட்டுவார். டச் ஸ்கிரீனை 360 டிகிரி பின்னுக்கு மடக்கலாம். விசைப்பலகை அடியில் போய்விடும். லெனோவா 2012இல் கொண்டுவந்த 'யோகா' பரவலாக்கிய வடிவம் அது. கடலூரிலிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் போய்வருகிற மாணவருக்கு அது சரிப்படுமா?

இந்த ரகத்தில் 14 அங்குல மாடல்கள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டியவை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும் ரயிலில், தோள்பைக்குள் கிடக்கும்வரை அது லேசுதான். மடக்கி ஒரு கையில் ஏந்திப் படிக்க முயன்றால் மணிக்கட்டு வலிக்கும். அரைக் கிலோ டேப்லட்டின் வேலையை இது செய்யாது.

திரையில் எழுதும் பேனாவுக்காக வாங்கலாம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி, பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நண்டின் கால் கணுக்களை வரைந்து, பக்கத்திலேயே குறிப்பும் எழுதுகிற மாணவருக்கு இந்தத் திரை கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். வேதியியல் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டுபவருக்கும் அப்படித்தான். நாள் முழுக்க புரோகிராம் அடிக்கிறவருக்கோ டச் வெறும் அலங்காரம். அதே விலைக்கு வேகமான சாதாரண லேப்டாப் கிடைக்கும். பேனா பல மாடல்களுக்குத் தனிக் காசு. கடையிலேயே உள்ளங்கையைத் திரையில் ஊன்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். கை பட்ட இடமெல்லாம் கோடு விழுந்தால், திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெளிச்சத்தை விற்பனைத்தாளில் 'நிட்ஸ்' என்று போட்டிருப்பார்கள். 300 நிட்ஸ் வகுப்பறைக்குப் போதும். பிச்சாவரம் படகுத்துறை வெயிலில் அந்தப் பளபளப்புக் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

மெல்லிய உடம்புக்கு விலை ஒன்று உண்டு. ரேம் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்து வரும். 'பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்ற கணக்கு செல்லாது; முடிந்தால் 16 ஜிபியாகவே எடுங்கள். கீலைப் பலமுறை விரித்து மடக்கி, திரை ஆடுகிறதா என்று பாருங்கள். திரையும் டச்சும் சேர்த்து ஒட்டப்பட்டவை. கண்ணாடியில் கீறல் ஓடினால் பெரும்பாலும் முழுத் திரையையும் மாற்ற வேண்டிவரும். சாதாரண வாரண்டியில் அது சேராது. புதுத் திரை என்ன விலை, எந்த ஊர் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் என்று பில் போடுமுன் கேளுங்கள். கடைக்காரருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது, பரவாயில்லை.