பின்னால் வரும் பிரச்னை!

மைலேஜ் எவ்வளவு என்று கேட்போம். பிக்-அப் எப்படி என்று கேட்போம். ஈ.எம்.ஐ. எத்தனை மாசம் என்று வீட்டில் கேட்பார்கள். பைக் வாங்கப் போகிற யாராவது, 'சார், இதுல நாலு மணி நேரம் உட்கார முடியுமா?' என்று ஷோரூமில் கேட்டதுண்டா? ஊஹூம்!

ஏறி இரண்டு நிமிஷம் உட்காருகிறோம். ஸீட்டை உள்ளங்கையால் ஓர் அமுக்கு. 'ஆஹா, மெத்துனு இருக்குப்பா!' கையெழுத்துப் போட்டாயிற்று. பெண் பார்க்கப் போன இடத்தில் சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஐம்பது வருஷக் குடும்ப வாழ்க்கையை முடிவு செய்கிற அதே தைரியம்!

ஸீட்டின் வண்டவாளம் வெளியே வருவது பொங்கல், தீபாவளிக்குத்தான். ரயில் ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது). பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். ஆம்னி பஸ் கட்டணத்தைப் பார்த்தால் மயக்கம். கடைசியில், 'சென்னை டு திருச்சி 330 கி.மீ.தானே மச்சி, பைக்லயே அடிச்சிரலாம்!'

தாம்பரம் தாண்டும்போது ராஜா. செங்கல்பட்டில் மந்திரி. திண்டிவனம் வரும்போது வலப்பக்கம் ஒரு நெளிவு, இடப்பக்கம் ஒரு நெளிவு. உளுந்தூர்பேட்டை டீக்கடையில், 'உட்காருங்க சார்' என்று பெஞ்ச்சைத் துடைத்துவிட்டால், 'பரவாயில்லீங்க... நின்னுக்கிட்டே குடிச்சுக்கறேன்!'

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், வலி எங்கேயோ மனசும் அங்கேயே. கண்ணாடியில் லாரி வருகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து உட்காரலாம் என்று யோசிக்கிறோம். இன்னொன்று - வலி வந்தவன் நிறுத்தி இளைப்பாற மாட்டான். 'இன்னும் நூறு கிலோமீட்டர்தானே, முறுக்கிட்டா போயிடலாம்' என்று ஆக்ஸிலேட்டரை முறுக்குவான். ஸீட் பிரச்னை உயிர்ப் பிரச்னையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

மெத்தை என்கிற மாயை

'பி.காம். படிச்சவருக்கு எதுக்கு ஸார் ஃபிஸிக்ஸ்?' என்று கேட்காதீர்கள். இது வெறும் வகுத்தல் கணக்கு.

உட்காரும்போது உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். சந்தேகமிருந்தால் கைகளை அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள் (மேனேஜர் பார்க்காத நேரத்தில்!). இரண்டும் கெட்டியாகத் தட்டுப்படும்.

ஸீட்டின் மேல் 50 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 100 சதுர செ.மீ. இடத்தில் மட்டும் இறங்கினால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் அரைக் கிலோ பாரம். அதே 50 கிலோ 500 சதுர செ.மீ. பரப்பில் பரவினால் 100 கிராம்தான். தங்கை கல்யாணச் செலவை ஒரே அண்ணன் தலையில் கட்டுவதற்கும், ஐந்து அண்ணன் தம்பிகள் பகிர்ந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம்!

பாரம் ஒரே இடத்தில் இறங்கினால் அங்கே சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. முதலில் எரிச்சல், அப்புறம் வலி, அப்புறம் மரத்துப் போதல். ஆபீஸ் நாற்காலியில் நமக்குத் தெரியாமலே தப்பித்துக்கொள்கிறோம். காலை மாற்றிப் போடுகிறோம், சாய்கிறோம், பக்கத்து ஸீட்டில் அரட்டையடிக்க எழுந்து போகிறோம். பைக்கில் இதற்கெல்லாம் வழியில்லை. போதாக்குறைக்கு என்ஜின் அதிர்வு, ரோட்டுப் பள்ளம்.

சரி, மெத்து மெத்து ஸீட் என்ன செய்கிறது? முதல் பத்து நிமிஷம் தாலாட்டுகிறது. அப்புறம் ஸ்பாஞ்ச் முழுக்க அமுங்கி, அந்த இரண்டு எலும்பு முனைகளும் அடித்தட்டில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. கெட்டியான ஃபோம் நேர் எதிர். ஆரம்பத்தில் கண்டிப்பான ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கும். நூறு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் அதன் நல்ல மனசு தெரியும்.

இங்கிலாந்தின் புரூக்ஸ் கம்பெனி 1882-ல் ஒரு தோல் சைக்கிள் ஸீட்டுக்குப் பேட்டன்ட் வாங்கியது. பஞ்சு, ஸ்பாஞ்ச் எதுவும் கிடையாது. இழுத்துக் கட்டிய தோல், அவ்வளவுதான். ஓட்ட ஓட்ட அது ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்றபடி படிந்துகொடுக்கும். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் அந்த மாதிரி ஸீட்டைத் தேடி வாங்குகிறார்கள். சுகம் மென்மையில் இல்லை. பாரத்தைப் பங்கு போடுவதில் இருக்கிறது.

முதலில், பைசா செலவில்லாத வைத்தியம்

கடைக்கு ஓடுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

* பின் பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள். அதன் மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், காலுக்குப் போகும் நரம்பு அழுந்தும். டாக்டர்கள் இதற்கு 'வாலட் சயாட்டிகா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மாசக் கடைசியில் ஆபத்து குறைவு என்பது வேறு விஷயம்!

* முதுகில் மாட்டும் பையைக் கழற்றி, பின்னால் ஸீட்டிலோ கேரியரிலோ கட்டுங்கள். லேப்டாப், துணிமணி, அம்மாவுக்கு வாங்கின மிக்ஸி எல்லாம் தோளில் தொங்குவதாகத்தான் நினைக்கிறோம். அத்தனையும் முதுகெலும்பு வழியாக அதே இரண்டு எலும்பு முனைகளுக்குத்தான் போய்ச் சேருகிறது.

* ஜீன்ஸில் நான்கு தையல்கள் சேருகிற இடம் எது தெரியுமா? சரியாக, நாம் உட்காருகிற இடம். மூன்று மணி நேரத்தில் அது கயிறாக அறுக்கும். தையல் தடிப்பு இல்லாத பேன்ட் உத்தமம். உள்ளாடைக்கும் இதே சட்டம். வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டால் உராய்வு அதிகம்.

* பின் ஷாக் அப்சார்பரை நிறைய பேர் வண்டி வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை. பல வண்டிகளில் அதைக் கூட்டிக் குறைக்க ஐந்து படிகள் இருக்கின்றன. தனியாகப் போகும்போதும் இரண்டு பேருக்கான கெட்டிப் படியிலேயே விட்டிருந்தால் ஒவ்வொரு பள்ளமும் நேராக உங்களுக்கே. மெக்கானிக்கிடம் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. டயர் காற்றும் கம்பெனி சொன்ன அளவே இருக்கட்டும்.

* மூட்டை மாதிரி உட்காராதீர்கள். முழங்கால்களால் டேங்க்கை லேசாக அணைத்து, பாதங்களை ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்தினால் பாரத்தில் ஒரு பங்கைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் வேகத்தைக் குறைத்து, இரண்டு அங்குலம் எழுந்து கொடுங்கள். குலுக்கலும் தப்பும், ரத்தமும் ஓடும்.

குஷன் கடையில் பேச வேண்டிய பேச்சு

அப்படியும் வலித்தால் குற்றவாளி ஸீட்தான். முதலில், நாம் வழக்கமாக உட்காருகிற இடத்தைக் கட்டை விரலால் அமுக்குங்கள். விரல் சுலபமாக அடித்தட்டைத் தொட்டால் ஃபோம் செத்துவிட்டது. கணக்கில் மெஷினுக்கும் மேஜைக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோம். ஸீட்டுக்கும் உண்டு, யாரும் எழுதுவதில்லை!

தெருமுனை குஷன் ஒர்க்ஸுக்குப் போனால் முதல் கேள்வியே இப்படித்தான் வரும்:

"எக்ஸ்ட்ரா ஸ்பாஞ்ச் போட்டுரலாமா தம்பி? சும்மா சோபா மாதிரி ஆயிடும்!"

"சோபா வேணாம்ணே. அடியில கெட்டி ஃபோம், மேல மெல்லிசா ஒரு சாஃப்ட் லேயர். அது போதும்."

அண்ணன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கட்டும். ஃபோம் துண்டுகளை அரைத்து, ஒட்டி அழுத்திச் செய்த 'ரீபாண்டட் ஃபோம்' என்று ஒன்று உண்டு. வெட்டினால் கலர் கலராகத் துணுக்குகள் தெரியும். கனமாக, கெட்டியாக இருக்கும். அடி லேயருக்கு ஏற்றது.

அடுத்தது வாட்டம். ஸீட் முன்பக்கம் சரிந்திருந்தால், பிரேக் போடும்போதெல்லாம் டேங்க்கை நோக்கிச் சறுக்குவோம், பின்னால் நகர்ந்து உட்காருவோம், மறுபடி சறுக்குவோம். நாள் முழுக்க இதே வேலை. முன்பக்கம் கொஞ்சம் ஃபோம் ஏற்றி, உட்காருமிடத்தைச் சமமாக்கச் சொல்லுங்கள்.

எலும்பு முனைகள் இறங்குகிற இடத்தில் ஸீட் அகலமாக இருக்க வேண்டும். முன்னால் ஒடுங்கி, ஓரங்கள் மழுங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் தொடையை அறுக்கும், கால் தரையில் ஊன்றாது. ஃபோம் ஏற்றினால் உயரமும் ஏறும் என்பதை மறக்காதீர்கள். நெடிய ஆசாமிக்கு முழங்கால் மடங்குவது குறைந்து சுகம். குட்டையானவர் சிக்னலில் ஒற்றைக் காலில் தவம் செய்ய வேண்டி வரும்.

கவர் விஷயத்தில் இரண்டு கண்டிஷன். ரெக்ஸினை மிருதங்கத் தோல் மாதிரி இழுத்து அடித்தால், அடியில் எவ்வளவு நல்ல ஃபோம் இருந்தும் பிரயோஜனமில்லை. உட்காருமிடத்தில் டிசைன் தையல் கூடாது. உடம்பை உறுத்துவது ஒரு பக்கம், ஊசித் துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி ஃபோமை ஊற வைக்கும். வெயில் வந்த பிறகும் பேன்ட் நனைகிற மர்மத்துக்குக் காரணம் அதுதான்!

ஒரிஜினல் ஸீட்டை வெட்டக் கொடுக்காதீர்கள். சென்னையென்றால் புதுப்பேட்டை, மற்ற ஊர்களில் பழைய ஸ்பேர் கடை. உங்கள் மாடலுக்கு ஒரு பழைய ஸீட்டை வாங்கி அதில் பரிசோதனை நடத்துங்கள். சொதப்பினாலும் சொத்து பத்திரம்.

மேலே போடுகிற சமாச்சாரம்

வெயில் காலத்தில் பாதி வேதனை சூட்டாலும் வியர்வையாலும் வருவது. வலைப் பின்னல் கவர் போட்டால் அடியில் காற்று ஓடும். செலவும் அதிகமில்லை. ஜெல் மெத்தை பாரத்தைப் பரப்பும். ஆனால், வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் தோசைக்கல். நிழல் தேடி நிறுத்துகிறவர்களுக்கு மட்டும்.

காற்று மெத்தை என்று ஒன்று இருக்கிறது. சக்கர நாற்காலியிலேயே நாளெல்லாம் இருப்பவர்களுக்கு அழுத்தப் புண் வராமலிருக்க உருவான யோசனை இது. ஒன்றோடொன்று இணைந்த சின்னச் சின்னக் காற்று அறைகள். ஒன்று அமுங்கினால் காற்று அடுத்த அறைக்குப் போகும். நம் ஆட்கள் செய்கிற தப்பு, இதை ஃபுட்பால் மாதிரி ஊதிவிடுவது. ஊதி, மேலே உட்கார்ந்து, அடியில் ஓர் அரை அங்குலம் மிஞ்சும் வரை காற்றை இறக்க வேண்டும். அப்போதுதான் வேலை செய்யும்.

அமெரிக்காவில் 'அயர்ன் பட் அசோஸியேஷன்' என்று ஒரு சங்கம். பெயரைத் தமிழில் மொழிபெயர்த்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார்! 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. ஓட்டிக் காட்டினால் சான்றிதழ் தருவார்கள். அந்த ஆசாமிகளில் பலர் சட்டைக்கு அளவு கொடுப்பது மாதிரி ஸீட்டுக்கு அளவு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். இரும்புக்கே அளவு தேவைப்படுகிறது, நமக்கென்ன?

பின் ஸீட் பிரஜை

முன்னால் இருப்பவருக்காவது பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. பின்னால் உட்காரும் மனைவியோ அம்மாவோ பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், மெல்லிசான ஸீட்டில், ஒவ்வொரு குலுக்கலையும் முழுசாக வாங்கிக்கொண்டு வருகிறார்கள். புடவையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு வேறு முறுக்கிக்கொள்கிறது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு, பின்னால் ஒருவரைத்தான் ஏற்றலாம், அவரும் வண்டியோடு உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான ஸீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், புடவை சிக்காமலிருக்கச் சக்கரத்துக்குத் தடுப்பு, மூன்றும் 1989 விதிகளில் கட்டாயம். ஆகவே, ஸ்டைலுக்காக இவற்றைக் கழற்றி வீசுகிற புண்ணியவான்கள் கவனிக்க! குஷன் கடைக்குப் போகும்போது பின் பாதியையும் சேர்த்தே சரி செய்யுங்கள். வீட்டில் நல்ல பெயர் வாங்க இவ்வளவு மலிவான வழி வேறில்லை.

வேடிக்கை இல்லாத ஒரு பாரா

இறங்கி நடந்தால் பத்து நிமிஷத்தில் போகிற மரப்பு வேறு. மணிக்கணக்கில் போகாத மரப்பு, அடிக்கடி திரும்பி வருகிற மரப்பு வேறு. பின்னதற்கு டாக்டரைப் பாருங்கள். தொடையின் உட்பக்கமும் பிறப்புறுப்புப் பகுதியும் மரத்து, கூடவே சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனால், காலில் பலம் குறைந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. குதிரைச் சேணத்தில் படுகிற பாகம் மரத்துப்போவது என்ற அர்த்தத்தில் 'ஸாடில் அனஸ்தீஷியா' என்கிறார்கள். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் நரம்புகள் நசுங்கியிருப்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். காத்திருக்கிற வியாதி அல்ல. வெட்கப்படுகிற நேரமும் அல்ல.

மற்ற வலிகளுக்கு, எவ்வளவு செலவழித்து எந்த ஸீட் போட்டாலும், கடைசி மருந்து ஒன்றுதான். மணிக்கு ஒரு தரம் நிறுத்துங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிஷம் நடங்கள். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்து நாம் என்ன பெரிதாக சாதிக்கப் போகிறோம்? ஊர் எங்கேயும் ஓடிப் போகாது. நாம் முழுசாகப் போய்ச் சேருகிற வரைக்கும் அங்கேயேதான் இருக்கும்.