ஒரே ஆலையில் 3 பேருக்கு அபூர்வ புற்று நோய்!

டாக்டர்கள் போட்ட கணக்கு

தண்ணீர்க் குழாய், ஒயர் உறை, செருப்பு... பி.வி.சி. இல்லாத வீடு ஏது? கடையில் வாங்கும் குழாயைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆபத்து, அதைத் தயாரிக்கும் வாயுவில் இருந்தது. அதன் பெயர் வினைல் குளோரைடு.

அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் பி.எப்.குட்ரிச் கம்பெனிக்கு ஆலை இருந்தது. ராட்சதக் கொப்பரைகளில் வாயுவை அடைத்து, வெள்ளைப் பொடியாக மாற்றுவார்கள். கொப்பரையின் உள்சுவரில் அது அடை அடையாக ஒட்டிக்கொள்ளும். ஆள் உள்ளே இறங்கித்தான் சுரண்ட வேண்டும். மிச்ச வாயு உள்ளேயே இருக்கும். லேசான இனிப்பு வாசனைதான். யாருக்குச் சந்தேகம் வரும்?

1960-களிலேயே சுரண்டியவர்களில் சிலருக்கு விரல் நுனி எலும்பு கரைந்தது.

3-வது சாவு

1973 டிசம்பரில் ஒரு தொழிலாளி செத்துப் போனார். கல்லீரல் ரத்தக் குழாயில் வரும் ஒரு வகைப் புற்று நோய். அதே ஆலையில் ஏற்கனவே 2 பேருக்கு இதே நோய்!

ஆலை டாக்டர் மாரிஸ் ஜான்சனும், ஆபரேஷன் டாக்டர் ஜான் கிரீச்சும் யோசித்தார்கள். 21 கோடி ஜனங்கள் உள்ள அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 25 பேருக்குத்தான் இந்த நோய் வந்தது. அப்படி இருக்க, ஒரே ஆலையில் 3 பேரா? 1974 ஜனவரியில் கம்பெனி விஷயத்தை வெளியிட்டது.

அபூர்வ நோய் என்பதால் கண்ணில் பட்டது. நுரையீரல் புற்று நோயாக இருந்திருந்தால், "சிகரெட் குடிச்சிருப்பான்" என்று சொல்லி முடித்திருப்பார்கள். நோய் தலைகாட்ட 15, 20 வருஷம் ஆகும். அதற்குள் ஆளே வேலையை விட்டுப் போயிருப்பான்.

எலிகளுக்கும் வந்தது

இத்தாலியில் பொலோனா நகர டாக்டர் மால்தோனி, இந்த வாயுவைச் சுவாசித்த எலிகளுக்கு அதே புற்று நோய் வந்ததை முன்பே கண்டிருந்தார். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த கம்பெனிகளுக்கு அது தெரியும். அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் 1973-ல் சேதி போய்விட்டது. கொப்பரையில் இறங்கியவனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அதுவரை ஆலைக் காற்றில் 10 லட்சத்தில் 500 பங்கு வரை இந்த வாயு இருக்கலாம் என்று அனுமதி இருந்தது. 1975 ஏப்ரல் முதல் 1 பங்குதான் என்று அரசு உத்தரவு போட்டது. "முடியவே முடியாது, ஆலைகளை மூட வேண்டியதுதான்" என்று முதலாளிகள் கூச்சல் போட்டார்கள்.

மூடவில்லை. கொப்பரையைத் திறக்காமலே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் முறை வந்தது. தப்பி ஓடிய வாயுவையும் பிடித்து மறுபடி உபயோகித்தார்கள். அதில் பணம் வேறு மிச்சம்!

முன்பே கொப்பரையில் இறங்கியவர்களுக்கு அந்த நோய் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தது. லூயிவில் ஆலையில் மட்டும் 20 பேருக்கு மேல்.