கொல்லிமலையில் ஒரு தாழ்வாரம்

நாமக்கல்லிலிருந்தோ இராசிபுரத்திலிருந்தோ நம் மருத்துவமனைக்கு வருவோர் பேருந்துச் சன்னல் வழியே கொல்லிமலையைப் பார்த்திருப்பர். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலைமேல் இறங்கிவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் அடிவாரத்திலிருந்து காட்டுப்பாதையில் நடந்தே ஏறவேண்டும். நடக்க இயலாதவரை டோலியில் வைத்துச் சுமக்கவேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே இரவு தங்கவும் தயங்கிய காலம் அது.

1913-ஆம் ஆண்டில், மணம் முடித்த கையோடு, அம்மலையில் குடியேறினர் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த அவர்கள் கிறித்துவைப் பற்றிச் சொல்லவே வந்தவர்கள்; அதை ஒளிக்கவும் இல்லை. ஜெஸ்ஸி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். மிஷனரிகளுக்கென இலண்டனில் நடந்த குறுகிய காலப் பயிற்சியே அவருடைய மருத்துவக் கல்வி. ஆயினும் மலையில் வேறு மருத்துவர் இல்லாமையால், அவர் கட்டிய மரவீட்டின் தாழ்வாரமே நோயாளர் கூடும் இடமாயிற்று.

அத்தாழ்வாரத்தின் அன்றாடத்தை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அவர்களுடைய மகன் பால் பிராண்டின் நினைவுகளால்தான். 1914-இல் பிறந்து, மலையில் வெறுங்காலோடு ஓடியாடி வளர்ந்த சிறுவன் அவர். காய்ச்சலுக்குக் கொயினா, புண்ணுக்குக் கட்டு, சொத்தைப் பல்லுக்குக் குறடு என்று பொழுது கழியும். பல் பிடுங்க மயக்க மருந்து இராது. எனினும் வலியிலிருந்து விடுபட்டவர்கள் நன்றியோடு திரும்பினர்.

இவற்றுள் எங்களை மிகவும் நிறுத்தி எண்ணச் செய்வது நரம்புச் சிலந்தி வைத்தியம். இளைய வாசகர்கள் இந்நோயைக் கேள்விப்பட்டும் இருக்கமாட்டார்கள். படிக்கட்டுக் கிணற்றில் காலை வைத்து நீர் மொள்ளும்போது, புண்ணுள்ள காலிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சிகள் அவற்றை உட்கொள்ளும். அந்நீரை வடிகட்டாமல் குடித்தவரின் உடலில் ஏறத்தாழ ஓராண்டு கழித்து, மூன்றடி நீளம் வரை வளர்ந்த புழு, பெரும்பாலும் காலில், கொப்புளம் உண்டாக்கி வெளிப்படும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் உள்ளே எஞ்சிய பகுதி சீழ்பிடித்துக் காலையே முடக்கலாம். ஆகவே ஒரு சிறு குச்சியில் புழுவின் நுனியைச் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிதளவே வெளியே எடுக்கவேண்டும். முழுவதும் வெளிவரப் பல நாட்களாகும். சில வேளைகளில் வாரங்களும் ஆகும். மருத்துவர், நோயாளி, உடனிருக்கும் உறவினர் ஆகிய மூவரும் நாள்தோறும் பொறுமை காக்கவேண்டிய வைத்தியம் அது. ஒருவர் அவசரப்பட்டாலும் பழுது.

ஜெஸ்ஸி புழுவை எடுத்ததோடு நில்லாமல், கிணற்றுக்குள் இறங்கும் வழக்கமே நோயின் வாசல் என்பதையும் ஊரார்க்கு எடுத்துரைத்தார். 1996-க்குப் பின் இந்தியாவில் இந்நோய் எவருக்கும் வரவில்லை. 2000-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை நரம்புச் சிலந்தி அற்ற நாடாக அறிவித்தது. இதற்கென இன்றளவும் தடுப்பூசி கிடையாது. வடிகட்டிய நீரும், நீரில் கால் வைக்காத பழக்கமுமே நோயை ஒழித்தன.

மருந்துக்கு வந்த மலைமக்கள் சமயத்துக்கு வரவில்லை. தொடக்க ஆண்டுகளில் ஒருவரும் அவர்களுடைய நெறியை ஏற்கவில்லை. கோயில் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் மலைக்கும் வந்தது. அண்டை வீட்டாரும் அஞ்சி விலகிய நாட்களில், பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகச் சென்று ஊட்டினர். பூசாரியின் வீட்டையும் அவர்கள் தவிர்க்கவில்லை. பிழைக்கமாட்டோம் என்று உணர்ந்த அவர், தம் பிள்ளைகளை எதிர்த்துவந்த அந்தத் தம்பதியரிடமே ஒப்படைத்துவிட்டு உயிர்நீத்தார். அவருடைய பெண் குழந்தை அவ்வீட்டு மகளாக வளர்ந்தது. மருந்தால் முடியாதது கஞ்சியால் முடிந்தது என்று கூறத் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் அதை எண்ணிக் கஞ்சி காய்ச்சியிருப்பார்கள் என்று நாங்கள் நம்பவில்லை.

சிறுவன் பாலுக்கு மறக்காத நாள் ஒன்று உண்டு. வழக்கமாக வெறுங்கையால் மருந்திடும் தந்தை, அன்று வந்த தொழுநோயாளர்களுக்குக் கையுறை அணிந்து கட்டுப் போட்டார். பிள்ளைகளை அருகில் வரவிடவில்லை. அந்த அச்சம் நெடுங்காலம் தம்மோடு இருந்ததாகப் பால் பின்னர் எழுதினார். அவரே 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். அந்நோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்றும், வலி தெரியாமையால் தீக்காயமும் வெட்டும் கவனிக்கப்படாமல் போவதே பெருங்காரணம் என்றும் தெளிவுபடுத்தினார். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களிடம், “இரவில் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள்” என்று நம் செவிலியர் ஓயாமல் சொல்வதன் பின்னேயும் இதே உண்மைதான் உள்ளது. உங்களால் குனிய இயலாவிட்டால் வீட்டிலுள்ளவர் பார்க்கட்டும்.

எத்தனையோ பேருக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்த ஜெஸ்ஸியைக் காய்ச்சலே கொண்டுசென்றது. 1929 ஜூனில், மலேரியா முற்றிச் சிறுநீர் கருத்துப் போகும் கொடிய நிலையில், 44 வயதில் அவர் இறந்தார். அப்போது பால் இங்கிலாந்தில் பள்ளி மாணவர். இறப்புச் செய்தி தந்தியில் வந்த பிறகு, தந்தை முன்னரே எழுதிய கடிதங்கள் கப்பலில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

ஈவ்லின் தாய்நாடு சென்றார். ஆனால் அங்கே தங்கிவிடவில்லை. திரும்பி வந்து சமவெளியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஏறத்தாழ 68 வயதில், இனி அனுப்ப இயலாது என்று மிஷன் அவருக்கு ஓய்வளித்தபோது, தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கு ஏறினார். கொல்லிமலையோடு நில்லாமல் அண்டை மலைகளுக்கும் மட்டக்குதிரையில் போய்வந்தார். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபின், இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். மலையை விட்டு வந்துவிடுமாறு மகன் வற்புறுத்தியும் பயனில்லை. உடலைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எதற்காக என்பதே அவருடைய மறுமொழியின் சாரம். மருத்துவமனைக்காரர்களாகிய நாங்கள் இதை முழுமனத்தோடு பாராட்ட இயலாது. இடுப்பு முறிந்த எந்தப் பாட்டிக்கும் குதிரைச் சவாரியைப் பரிந்துரைக்கமாட்டோம்! ஆயினும் மகனாக மருத்துவரே வாய்த்தும் அவர் சொல்லைத் தாய் கேட்கவில்லை என்பது, வீட்டில் பிடிவாதமான முதியவரைப் பேணும் வாசகர்களுக்குச் சற்று ஆறுதல் தரக்கூடும்.

மலைமக்கள் அவரைப் பாட்டி என்றே அறிந்திருந்தனர். தம் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். அவருடைய உடல் மலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வாழவந்தியில் 45 ஆண்டுகளாகக் காத்திருந்த கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.