‘ஃபார்மட் பண்ணட்டுமா?’ என்று கேட்டால்...

தங்கைக்கு நிச்சயதார்த்தம். ஆபீஸில் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி, முந்நூறு போட்டோ எடுத்தாயிற்று. மறுநாள் கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகினால்... கிணற்றில் போட்ட கல்! அம்மாவிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா வரை, ‘என்னப்பா ஆச்சு?’ என்று போன் மேல் போன்.

பதறாதீர்கள். முதல் சந்தேகம் ஒயர் மேல்தான் வர வேண்டும். சாதாரண யு.எஸ்.பி. ஒயருக்குள் நாலு கம்பி. இரண்டு கரன்ட்டுக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சார்ஜிங் ஒயர்கள் சிலவற்றில் தகவல் கம்பியே கிடையாது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒரு போட்டோகூட நகராது. ஒயரை மாற்றுங்கள். அப்படியே கேமராவையும் ஆன் செய்யுங்கள் (சிரிக்காதீர்கள், நிறையப் பேர் மறப்பது இதைத்தான்).

அடுத்தது, தேடுகிற இடம். பல கேமராக்கள் பென்டிரைவ் மாதிரி ‘இ’, ‘எஃப்’ என்று டிரைவ் எழுத்தோடு வராது. தன் பெயரிலேயே தனியாக உட்கார்ந்திருக்கும். உள்ளே போனால் ‘டி.சி.ஐ.எம்.’ என்று ஒரு ஃபோல்டர். 1998-ல் ஜப்பானில் வகுத்த விதிப்படி, அநேகமாக எந்தக் கம்பெனி கேமராவானாலும் போட்டோக்கள் அதற்குள்தான்.

அங்கேயும் காணோமா? கேமராவோடு மல்லுக்கட்டாமல் கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் செருகுங்கள். என் ஓட்டு எப்போதும் ரீடருக்குத்தான். பாதி வழியில் கேமரா பேட்டரி உயிரை விடும் தொல்லை இல்லை. எஸ்.டி. கார்டின் ஓரத்துக் குமிழை ‘லாக்’ பக்கம் தள்ளிவிட்டால், படிக்கலாம், பொதுவாக யாரும் எதையும் அழிக்க முடியாது.

இப்போதுதான் வில்லன் என்ட்ரி! ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும். செய்யட்டுமா?’ என்று விண்டோஸ் பரம சாதுவாகக் கேட்கும். பக்கத்து சீட் நிபுணர், ‘ஓகே குடு மச்சி’ என்பார்.

குடுக்காதீங்க, ஸார்!

கார்டை வேறொரு புது கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகள் ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் வருகின்றன. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. பெட்டிகளுக்கு அது தானாகப் புரியாது. தனக்குப் புரியாததை அழித்துவிடலாமா என்று கேட்பது அவற்றின் சுபாவம். சில மேனேஜர்கள் மாதிரி.

புதுப் பெட்டியும் அதையே கேட்டால்? நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். லெட்ஜரின் இன்டெக்ஸ் பக்கம் கிழிந்திருக்கிறது, உள்ளே கணக்கெல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீங்கள் மேற்கொண்டு ஒரு போட்டோ எடுத்தாலும் பழைய கணக்கின் மேல் புதுக் கணக்கு ஏறும். ஆகவே கேமராவைத் தொடாதீர்கள். ‘போட்டோரெக்’ என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் உண்டு. இன்டெக்ஸைச் சட்டை செய்யாமல் பக்கம் பக்கமாகப் புரட்டி போட்டோக்களைப் பொறுக்கித் தரும். அவற்றை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள்.

நண்பர் ஒருவர் ‘ஓகே’ கொடுத்தே விட்டார். நல்லவேளை, அவசர ஃபார்மட். இன்டெக்ஸ் மட்டும்தான் போயிருந்தது. போட்டோரெக் ராத்திரி முழுக்க ஓடியது. பெயர்கள் போய், வரிசை குலைந்து, சிலது பாதி சாம்பல் நிறத்தில் வந்தன. பாட்டி வெற்றிலைத் தட்டோடு சிரிக்கிற படம் மட்டும் முழுசு. அடுத்த மாதமே பாட்டி தவறிவிட்டார். கூடத்தில் மாலையோடு இருப்பது அந்தப் படம்தான்.

போட்டோக்கள் சுகமாக வந்தாலும் ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ போதும். 9999-ஐத் தாண்டினால் கேமரா மறுபடி 0001 என்று ஆரம்பிக்கும். அதே பெயரில் பழைய படம் இருந்து, ‘ரீப்ளேஸ்’ கொடுத்தால் போன வருஷத்துப் பழனி யாத்திரை காலி! தேதி போட்டுப் புது ஃபோல்டர் திறந்துகொள்ளுங்கள்.

நாலைந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இன்னொரு டிஸ்க்கிலும் பிரதி எடுத்த பிறகு, கேமரா மெனுவிலேயே கார்டை ஃபார்மட் செய்யலாம். கேமராவுக்குச் சொந்தக்காரரின் வீட்டு போட்டோ ஏதாவது அதில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு!